கடனிலும் ஊர், சேரி உண்டு

(கமுதியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கடன் கட்ட முடியாமல் ஒருத்தர் கையை விரித்தால் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்பார்கள். கொடுத்துட்டா எல்லாக் கடனும் போச்சு என்றொரு நினைப்பு. பேங்கில் கணக்கு எழுதுகிறவன் சொல்கிறேன், அப்படிப் போகாது. ஊரும் சேரியும் பிரித்த மாதிரி சட்டம் கடன்களையும் பிரித்து வைத்திருக்கிறது.

கமுதி மாதிரி ஊர்களுக்கென்று வந்தது 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். நகையோ நிலமோ ஈடு வாங்கியவன் இதில் வரிசைக்கே வர வேண்டாம். ஈட்டை விற்று எடுத்துக்கொள்வான். மிச்சச் சொத்தில் சர்க்கார் பாக்கிக்கு முன்னுரிமை. கூலிக்காரனுக்கும் முன்னுரிமை உண்டு. எவ்வளவு? மனுவுக்கு முந்தின நாலு மாத வேலைக்கு, மொத்தமே 20 ரூபாய்! மீதிக் கூலிக்கு அவன் கைமாற்றுக் கொடுத்தவர்களோடு நின்று பங்கு கேட்க வேண்டும்.

கோர்ட் விடுவித்த பிறகும் சர்க்கார் கடன், மோசடிக் கடன், மனைவி பிள்ளைகளுக்கான ஜீவனாம்சம் மூன்றும் விடாது. பின்னிரண்டும் நியாயம்தான்.

2016-ல் புதுத் திவால் சட்டம் வந்தது. வருஷ வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாய்க்கு மேல் போகாத, சொந்த வீடில்லாத ஆளுக்குக் கடனைத் தள்ளும் வழி அதில் எழுதப்பட்டது. மாணவர்கள் கவனிக்கணும்: கல்விக்கடன் அதில் தள்ளுபடி ஆகாது. தனிநபர் திவால் பகுதியை 2019 டிசம்பர் 1-ல் அமலுக்குக் கொண்டுவந்தபோதும், கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே கொண்டுவந்தார்கள். ஏழையின் கதவு அன்றைக்குத் திறக்கவில்லை.

சரி, கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு போகிறார்களே நம் ஜனங்கள், அந்தக் கடன் இந்த வரிசையில் எங்கே? எங்கேயும் இல்லை. முன்பணத்தைக் காட்டி, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினாலோ, வேறு வேலைக்கோ வெளியிலோ போகவிடாமல் தடுத்தாலோ அது கொத்தடிமைக் கடன். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போனது. மஞ்சக் கடுதாசி வேண்டாம், வக்கீல் வேண்டாம். அந்தக் கடனுக்காக முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் மூன்று வருஷம் வரை ஜெயில்.

ஆனால் நம் ஆட்களோ, 'வாங்கின காசைக் கட்டாமப் போனா மானம் போயிரும்' என்று அப்பன் கணக்கை மகன் தலையில் ஏற்றுகிறார்கள். கோடிக்கணக்கில் வாங்கியவன் சட்டப்படி பாதிக்கு மேல் தள்ளிவிட்டு அடுத்த கம்பெனி ஆரம்பிக்கிறான். அவனுக்கு மானம் போகிறதில்லை.

ஆகவே தோழர்களே, ஊர் திரும்பியதும் மூன்று கேள்வி கேளுங்கள். முன்பணம் எவ்வளவு? கூலி எவ்வளவு? நினைத்தபோது கிளம்பி வர முடியுமா? பதிலை எழுதி, மாவட்ட ஆட்சியருக்கோ பரமக்குடிக் கோட்டாட்சியருக்கோ மனுவாகக் கொடுங்கள். விடுதலைச் சான்று கையில் வரும்வரை விடாதீர்கள். செத்த கடனை நம் ஜனங்கள் சுமக்க வேண்டியதில்லை.