அடுப்பின் மூச்சு



மைசூரு விஜயநகரில் குடியேறியுள்ள தமிழ் மக்களுக்கு மார்கழிக் காலையின் குளிரைப் பற்றி யாரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சூரிய வெப்பத்தாலும் மின்சாரத்தாலும் வெந்நீர் கிடைக்கும் இந்நாளிலும், தென்னை மட்டையும் விறகும் இட்டு நீர் காய்ச்சும் குளியலறை அடுப்புக்கள் அப்பக்கத்தில் அடியோடு மறைந்துவிடவில்லை. கன்னடத்தார் அடுப்பை 'ஒலெ' என்பர். நம் 'உலை'க்கு அது உறவுச் சொல். அவ்வடுப்பின் புகைக்குழாயில் பொருத்தப்படும் ஒரு சிறு தகட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'டாம்பர்' என வழங்கும் அதனை அடைப்புத் தகடு என்று கொள்வோம்.

சூடான காற்று லேசானது. ஆதலால் மேலே எழுகிறது. அது எழுந்த இடத்தை நிரப்பப் புதுக் காற்று அடுப்புக்குள் நுழைகிறது. குழாய் உயர உயர, உள்ளே உஷ்ணம் மிக மிக, இந்த இழுப்பு வலுக்கிறது. அளவு மீறினால், நீரைச் சுட வேண்டிய வெப்பம் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். குழாய்க்குள் திரும்பும் தகடு அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்துகிறது.

நம் நாட்டில் இது புதிய யோசனையன்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, புகையில்லாச் சமையலறை பற்றி 1953இல் நூல் வெளியிட்டார். அவர் வகுத்த மண் அடுப்பில் புகைபோக்கியும், திருப்பி அமைக்கத்தக்க உலோகத் தகடுகளும் இருந்தன. பின்னர் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவினர் உருவாக்கிய அடுப்பில், விறகிடும் வாயை மூடி, காற்று நுழையும் இடத்திலேயே அதனை அளவுபடுத்தினர்.

தகட்டைக் கையாளும் முறை எளிது. தீ மூட்டும்போது முழுதும் திறந்திருக்க வேண்டும். சுவாலை நிலைபெற்ற பின் சிறிது சிறிதாகச் சாய்க்கலாம். மீண்டும் விறகிடுமுன் திறந்துவிட வேண்டும். இல்லையேல் புகை முகத்தில் அடிக்கும். சுவாலை எரியும்போதே மிகவும் நெருக்கினால் விறகு சரிவர எரியாது. கரியும் தாரும் குழாயில் படிந்து, ஒருநாள் அவையே தீப்பற்றக்கூடும்.

ஆயினும் பெரிய அபாயம் சுவாலை அடங்கிய பின்னரே வருகிறது. புகை நின்றதும் தீ அணைந்தது என்றெண்ணி, சூட்டைக் காக்கத் தகட்டை முழுதும் மூடுவோர் உண்டு. தணலோ அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை மிகுதியாக விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, மயக்கம், மரணம் என்பதே அதன் வரிசை. தாழிட்ட குளியலறையில் இருப்பவர் கூப்பிடுமுன்னே விழுந்துவிடுவார். வடநாட்டில் வாழும் நேயர்கள், மூடிய அறையில் கரி அங்கீட்டியை வைத்து உறங்கியோர் மாண்ட செய்திகளைக் குளிர்காலந்தோறும் படித்திருப்பார்கள். அங்கும் காரணம் இதே வாயுதான்.

ஆகவே, தகட்டின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி நீக்கிவிடச் சொல்லுங்கள். பிறகு யார் திருப்பினாலும் வழி முழுதும் அடைபடாது. தீயைக் குறைக்க வேண்டுமாயின் முதலில் கீழ்வாயிற் கதவைச் சாத்துங்கள். குளியலறைச் சன்னல் எப்போதும் சிறிது திறந்திருக்கட்டும். யாருக்கேனும் தலை சுற்றினால், உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவரை நாடுங்கள். சிக்கனம் நல்லது, ஆனால் தணலில் கனல் உள்ளவரை அடுப்புக்கு மூச்சுவிட இடம் வேண்டும். அந்த மூச்சைத் தடுத்தால் நம் மூச்சுக்கே ஆபத்து.