அத்திவாரக் கல்லுக்கு முன்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



நமது ஊர்க் கல்லூரிக்குப் புதிய மாணவர் விடுதி ஒன்று வேண்டும் என்ற பேச்சு எங்கும் எழுந்திருக்கிறது. அதுபற்றிச் சில வார்த்தைகள் கூற எனக்கு இடமளித்தமைக்கு நன்றி. பணம் சேர்த்த அனுபவம் எனக்கில்லை. விடுதியில் வாழ்ந்த அனுபவம் உண்டு. அந்த உரிமையோடு பேசுகிறேன்.

உயர்தர வகுப்பில் நெடுந்தீவு மாணவன் ஒருவன் என்னோடு படித்தான். கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானுக்குப் படகு வராது. அன்று அவனுக்குப் பாடமும் இல்லை. பின்னர் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கினான். ஓராண்டில் அந்த இடமும் இல்லாமற் போயிற்று. வகுப்பிலே கெட்டிக்காரனான அவன் பரீட்சைக்குத் தோற்றாமலே ஊர் திரும்பினான். அவன் கேட்டது ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு, மூன்று வேளை உணவு, அவ்வளவே. நாம் கட்டப்போகும் விடுதியில் அவன் போன்றவனுக்கு இடம் இருக்குமா?

நம் நாட்டுச் சரித்திரம் இதில் ஒரு பாடம் புகட்டுகிறது. அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் மாணவர் தங்கிக் கற்றனர். அதன் பணம் கடல் கடந்து வந்தது. 1855இல் அதனை மூடுவதென மிசன் தீர்மானித்தபோது, முப்பதாண்டுப் புகழால் அதனைக் காக்க முடியவில்லை. 1872இல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, அதற்கென மூலநிதி திரட்டப்பட்டது. கல்லூரி நிலைத்தது.

ஆகவே விடுதிக்குப் பணம் இருவகையில் வேண்டும்: கட்டுவதற்கு ஒருமுறை, நடத்துவதற்கு ஆண்டுதோறும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருடைய உணவுக்கு நாளொன்றுக்கு 800 ரூபா என்றும், ஆண்டில் 200 நாட்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு மாணவனுக்கு 1,60,000 ரூபா. கட்டணம் செலுத்த இயலாத பத்துப் பேருக்கு 16 இலட்சம். இதனை 8 வீத வட்டியிலிருந்து பெறுவதானால் 2 கோடி ரூபா முதல் வேண்டும்! இக்கணக்கைப் பாராமற் கட்டினால், அழகிய மாடியிலே கட்டணம் கொடுக்கக்கூடியவர் மட்டுமே உறங்குவர்.

இரண்டு கோடி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பழைய மாணவரில் ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு கட்டிலைப் பொறுப்பேற்கலாம். இருபது பேர் சேர்ந்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 8,000 ரூபாதான். மூலநிதி மெல்ல வளரட்டும்.

கட்டட நிதியையும் நெடுங்காலம் வங்கியில் வைத்திருத்தல் ஆபத்து. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்ததை நாம் மறக்கலாகாது. சேர்ந்த பணத்துக்கு ஏற்பப் பகுதி பகுதியாகக் கட்டுவோம். மேல்மாடியைத் தாங்கும் அத்திவாரத்தோடு முதலில் இருபது கட்டில்கள் போதும்.

அத்திவாரத்துக்கும் முன்னே கிணற்றைப் பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக் கல். கழிவுநீர் அதன் வெடிப்புகளூடாக விரைந்து கிணற்றைச் சேரும். மலசலகூடக் குழி எங்கே, குடிநீர் எங்கே என்று தீர்மானித்த பின்னரே அறைகளுக்குப் படம் வரையவேண்டும்.

பெரியோர்களே, வயதை மீறிப் பேசினால் பொறுத்தருளுங்கள். பளிங்குக் கல்லிலே பெயர் பொறிப்பதற்குக் கொடுப்போர் நம்மிடையே பலர். அரிசிக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் கொடுப்போர் சிலர். அச்சிலரே விடுதியைக் காப்பவர்கள். வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கொருமுறை யாவரும் காண வாயிலில் ஒட்டுவோமானால், அவர் தொகை பெருகும் என்பது என் நம்பிக்கை.

வாலிப நண்பர்களே, நமக்கும் கடமை உண்டு. கிணறு இறைக்கவும், காணி துப்புரவாக்கவும், வீடு வீடாகச் சென்று உறுதிமொழி பெறவும் நாம் இருக்கிறோம். முதலில் பத்துக் கட்டில்களுக்கு ஆள் தேடுவோம். அதன் பிறகு அத்திவாரக் கல்லுக்கு நாள் பார்ப்போம்.