வேவு பார்ப்பவனுக்கும் ஒரு பாட்டு



இலக்கிய மேடையில் உளவாளிப் படத்துக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஒற்றாடலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் நம் வள்ளுவர். அந்தத் துணிவில், உளவாளிக் கதைகளுக்கு இளையராஜா தந்த இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1962இல் ‘டாக்டர் நோ’ வந்தது. மாண்டி நார்மன் மெட்டை ஜான் பாரி கோத்துக்கொடுத்த அந்த கிடார் ஒலி உலகையே ஆட்டிவைத்தது. நம் ஊரிலும் ஜெய்சங்கர் துப்பாக்கி எடுத்தார், வேதா இசை தந்தார். எம்.ஜி.ஆரின் ‘ரகசிய போலீஸ் 115’க்கும் ‘உலகம் சுற்றும் வாலிப’னுக்கும் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.வி. போட்ட பாட்டுகளை இங்குள்ள பெரியவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பிறகு 1986. சுஜாதா கதை, கமல்ஹாசன் நாயகன், திருட்டுப்போன ஏவுகணை, சலாமியா என்றொரு கற்பனை நாடு. ‘விக்ரம்’! அந்தத் தலைப்புப் பாட்டை இன்றிரவு காதுக்கருவி மாட்டிக் கேளுங்கள். சின்தசைசர் விடாமல் ஓடுகிறது. நாயகன் பெயரை இயந்திரக் குரல் ஒன்று கூப்பிடுகிறது. அதன்மேல் கமலின் சொந்தக் குரல் ஏறி வருகிறது. ஜேம்ஸ் பாண்டின் டிரம்பெட்டைக் கடன் வாங்கவே இல்லை! அதே படத்தில்தான் ‘என் ஜோடி மஞ்சக் குருவி’யும் இருக்கிறது. ஏவுகணை தேடுகிறவனின் கதைக்குள் திருவிழாக் கூட்டத்தின் தாளத்தை இறக்கிவிட்டார் பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜா. 2025இல் ‘குட் பேட் அக்லி’யில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, அது பிறந்த காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். பழைய நினைவு அவர்களை ஆட்டவில்லை ஐயா, அந்த அடி ஆட்டியது.

1989இல் ‘வெற்றி விழா’. ராபர்ட் லட்லமின் நாவலைத் தழுவிய கதை. தான் யாரென்பதே மறந்துபோன ரகசியப் போலீஸ். துரத்தலும் சுடுதலும் நிறைந்த அந்தப் படத்திலும் ஆபத்தைவிட ஆபத்தில் மாட்டிய மனிதன்தான் ராஜாவுக்கு முக்கியம். படத்தின் ஒவ்வொரு ரீலையும் பார்த்துவிட்டு, ஆர்மோனியத்தைத் தொடாமலே தாளில் ஸ்வரக் குறிப்பை எழுதிக்கொடுப்பவர் அவர். நாயகன் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்த்து எழுதுகிற இசை அது.

இதை நான் இந்த அந்தமான் தீவில் நின்று சொல்லக் காரணம் உண்டு. 1996இல் பிரியதர்ஷனின் ‘சிறைச்சாலை’க்கும் இளையராஜாதான் இசை. நம் செல்லுலார் சிறையைக் கதைக்களமாகக் கொண்ட படம். நடுவில் காவல் கோபுரம், அதைச் சுற்றி ஏழு கிளைகள், இன்று மிஞ்சி நிற்பவை மூன்று. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைத்தான் பார்க்கும். கைதி கைதியைப் பார்க்கக்கூடாது, கோபுரத்துக்காரன் மட்டும் எல்லாரையும் பார்க்கலாம். வேவு பார்ப்பதற்கென்றே வெள்ளைக்காரன் எழுப்பிய கட்டடம்! வேவு பார்க்கிறவனுக்கு ‘விக்ர’மில் பாட்டுக் கட்டிய அதே கை, வேவு பார்க்கப்பட்டவனுக்கு இங்கே பாட்டுக் கட்டியது. ‘செம்பூவே பூவே’யில் வழிகிற கனிவு, அடைபட்டவனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவனுக்கே வரும். இரண்டு பக்கமும் நின்று மனிதனைக் கேட்டவர் என்பதால்தான் அவர் இசை பழசாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த விழாவை நடத்தும் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தீவுப் பிள்ளைகளில் கீபோர்டு வாசிப்பவர்கள் உண்டு, தவில் தட்டுபவர்கள் உண்டு, நன்றாகப் பாடுபவர்கள் நிறையவே உண்டு. அடுத்த ஆண்டு விழாவில் ‘விக்ர’மையும் ‘சிறைச்சாலை’யையும் ஒரே மாலையில் அவர்களே வாசிக்கட்டும். ஒத்திகைக்கு இடமும் ஒலிபெருக்கியும் மட்டும் நீங்கள் கொடுங்கள்.