கோடையில் ஒரு நகர்வலம்

நகர்வலம் என்னும் சொல்லைக் கேட்டவுடன், இரவில் மாறுவேடம் பூண்டு தெருத்தெருவாகச் சென்ற மன்னர்களின் கதை நம் நினைவுக்கு வருகிறது. குடிமக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அரண்மனையில் அமர்ந்தபடி அறிய இயலாது. கண்ணால் கண்டே அறிதல் வேண்டும் என்று அந்த மன்னர்கள் கருதினர். இன்று முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்ந்துள்ளது. குடிமக்கள் ஒவ்வொருவரும் இந்நாட்டு மன்னரே என்று மேடைகளில் பேசுகிறோம். அப்படியாயின், நகர்வலம் வரும் உரிமையும் கடமையும் இன்று யாருக்கு உரியவை? குடிமக்களுக்கு, அவர்களுள்ளும் சிறப்பாக நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு என்பதே நான் இன்று சொல்ல விரும்பும் கருத்து.

நான் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னை மாநகரம் எட்டாத தொலைவில் இல்லை. காஞ்சிபுரத்தில் புகைவண்டி ஏறினால் செங்கற்பட்டு வழியாகச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடலாம். ஆயினும் பத்தாம் வகுப்பை முடித்த பிள்ளைகளிடம், "சென்னையைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால், "ஆம் ஐயா, பாட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது போனோம்" என்றோ, "அக்காளின் தேர்வுக்குத் துணையாகப் போனோம்" என்றோ விடை வரும். நோய்க்காகவும் விண்ணப்பத்திற்காகவும் சென்று அஞ்சி நின்ற இடமாகவே அவர்கள் நகரத்தை அறிவார்கள். கண்டு மகிழ்ந்த இடமாக அதை அறிந்தவர் மிகச் சிலரே. இந்த நிலை மாற வேண்டும் என்னும் எண்ணத்தினால், நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் கோடை விடுமுறைதோறும் பெற்றோரின் இசைவுடன் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை ஒருநாள் சென்னைக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாகக் கொண்டிருந்தேன்.

"கோடையிலா? வெயில் கொளுத்துமே!" என்று நேயர்கள் கேட்கலாம். வெயிலும் ஒரு பாடமே. நம் முன்னோர் தெற்கிலிருந்து வரும் காற்றைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் பெயரிட்டு அழைத்தனர். கத்திரி வெயில் நாட்களில் காலை முதல் மேற்கிலிருந்து கோடைக்காற்றே அனலாய் வீசும். கடலைவிட நிலம் விரைவில் சூடேறுவதால், நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பமுற்று மேலெழும். அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே புகும். கோடைக்காற்று வலுத்திருந்தால் கடற்காற்றின் வருகை தாமதப்படும். அன்று வெப்பம் மிகும். பாடநூலில் பத்து முறை படித்தும் மனத்தில் நில்லாத இச்செய்தி, பிற்பகலில் கடற்கரையில் நின்று, முதுகில் அடித்த அனல் மாறி முகத்தில் குளிர்காற்று வந்து மோதும் அந்த ஒரு நொடியில் விளங்கிவிடும்.

விடியற்காலையில் புறப்படுவதே முறை. முதலில் நாங்கள் காணும் இடம் புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1640ஆம் ஆண்டை ஒட்டி எழுப்பத் தொடங்கிய இக்கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பெற்ற புனித மேரி ஆலயமும், 1948 முதல் நடைபெற்று வரும் அருங்காட்சியகமும் உள்ளன. 1947 ஆகஸ்டு 15ஆம் நாள் இக்கோட்டையில் ஏற்றப்பெற்ற மூவண்ணக் கொடி அந்த அருங்காட்சியகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது.

இங்கே பிள்ளைகளிடம் நான் தவறாமல் ஒரு செய்தி கூறுவேன். "இக்கோட்டைக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் நம் புள்ளலூரில் வளைத்து முறியடித்தனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன, பெய்லி சிறைப்பட்டார். அவருக்கு உதவியாகச் சென்றிருக்க வேண்டிய மன்றோவின் படை, காஞ்சிக் கோயில் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கியது. அச்செய்தி எட்டியபோது இக்கோட்டையில் இருந்தவர்கள் கலங்கிப் போனார்கள்" என்பேன். அதற்கும் முன்னர், ஏழாம் நூற்றாண்டிலேயே மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. "நம் ஊரில் என்ன இருக்கிறது?" என்று சலித்துக்கொண்டு நகரத்திற்கு வந்த பிள்ளை, தன் ஊரின் பெயரைக் கோட்டை மதிலுக்குள் கேட்கிறான். அவன் நிமிர்ந்து நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கோட்டையிலிருந்து தெற்கே கூவத்தின்மேல் அமைந்த நேப்பியர் பாலத்தைக் கடந்தால் மெரினா. நகரத்தில் உள்ள பழைய மாணவர்களிடம் இரவல் பெற்ற இரண்டு மூன்று மிதிவண்டிகளை அங்கே முறைவைத்து ஓட்டுவோம். சிலர் நடப்பார்கள், சிலர் ஓட்டுவார்கள், சிறிது தொலைவு சென்றபின் மாறிக்கொள்வார்கள். காலை வேளையில் மணலை ஒட்டிய உட்சாலை இதற்கு ஏற்றது. ஊர்தியில் விரைந்து செல்பவன் நகரத்தைக் காண்பதில்லை. நகரம் அவன் சன்னலில் ஓடி மறைகிறது. நடந்து செல்பவன் நன்றாகக் காண்கிறான். ஆனால் ஒரு நாளில் சிறிதளவே காண்கிறான். மிதிவண்டியில் செல்பவனுக்கோ இரண்டும் வாய்க்கின்றன. வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நின்றுவிடலாம்; காசும் செலவில்லை.

மிதிவண்டியின் பெருமையைத் தமிழ்நாட்டிற்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை அதை நம் ஊர்களுக்குள் கொண்டுவந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தது. பின்னர் அரசு, 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் மேல்நிலைக் கல்வி பயிலும் அனைவருக்கும் விரிவாக்கியது. பள்ளி தொலைவில் உள்ளது என்று பத்தாம் வகுப்போடு நின்றுவிட இருந்த பெண்பிள்ளைகள் அம்மிதிவண்டியினால் படிப்பைத் தொடர்ந்ததை என் கண்ணால் கண்டேன். ஆனால் அப்பெண்ணே மேற்படிப்பிற்கோ வேலைக்கோ மாநகரத்திற்கு வந்தால், பெருஞ்சாலையில் அவள் மிதிவண்டிக்கென்று ஓர் ஓரம் கிடைப்பது அரிதாக இருக்கிறது. பால், செய்தித்தாள் கொணர்வோரும் இரவுக் காவலரும் இன்றும் மிதித்தே செல்கின்றனர். அவர்களுக்கு இடம் தராத சாலை எவ்வளவு அகலமாயினும் குறுகிய சாலையே என்பதை நகரத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடற்கரையில் சிலைகள் பல. அவற்றுள் தேவி பிரசாத் ராய் சௌத்திரி வடித்து 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையின் முன் நாங்கள் நெடுநேரம் நிற்போம். நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கின்றனர். 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவில் முதன்முறையாகத் தொழிலாளர் நாளைக் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையிலேதான். ஒருமுறை ஒரு மாணவன், "ஐயா, மற்றச் சிலைகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. இந்த நால்வருக்கும் பெயர் இல்லையா?" என்று கேட்டான். அப்போது அருகிலிருந்த ஒரு மாணவி சொன்னாள்: "நம் ஊர்த் தூண்களிலும் அப்படித்தானே?" புள்ளலூரில் 1781ஆம் ஆண்டுப் போரில் மாண்ட இரண்டு ஆங்கிலப் படை அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் உண்டு. அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் உள்ளன. உடன் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் இல்லை. இவ்வாறு ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் கேட்பதே கல்வி. அந்நாளின் செலவு முழுவதும் அந்த ஒரு கேள்வியினால் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

சிறிது தெற்கே வட்டவடிவில் ஒரு மாளிகை. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அது, 1842இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட கிடங்கு. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்த பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டு, சென்னையின் கோடையைத் தணிக்க வந்ததென்றால் பிள்ளைகள் வியக்காமல் என்ன செய்வார்கள்!

பாஸ்டன் மக்களுக்கும் கோடை உண்டு. அந்தக் கோடைக்கு உரிய ஆட்டமும் உண்டு. அதன் பெயர் பேஸ்பால். பக்கத்திற்கு ஒன்பது பேர், ஒன்பது சுற்றுகள். தொண்ணூறு அடி இடைவெளியுள்ள நான்கு மூலைகளைச் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். 1912இல் திறந்த ஃபென்வே பார்க் அரங்கில் இன்றும் ஆடுகின்றனர். ஏழாம் சுற்றின் நடுவில் பார்வையாளர் அனைவரும் எழுந்து நின்று கைகால்களை நீட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். நமக்கோ கிரிக்கெட், நம் கோடைக்குச் சேப்பாக்கம்.

சேப்பாக்கத்தின் வரலாறும் அறியத்தக்கது. 1846இல் ஆங்கிலேயர் சென்னைக் கிரிக்கெட் கழகத்தை நிறுவினர். அங்கே இந்தியருக்குச் சமமான இருக்கை இல்லை. மரநிழலே அவர்களுக்கு உரிய இடம். அதைப் பொறாத புச்சிபாபு நாயுடு 1888இல் சென்னை ஐக்கியக் கழகத்தைத் தோற்றுவித்து, இந்திய இளைஞர்களைப் பழக்கி, ஆங்கிலேயருக்கு நிகராக எதிரே நிறுத்த வழிவகுத்தார். அதே சேப்பாக்கத்தில், 1952 பிப்ரவரியில், வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா இங்கிலாந்தை வென்று தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. மரநிழலிலிருந்து ஆடுகளத்தின் நடுவிடம்வரை வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

ஆட்டத்தை ஆடுவது போலவே பார்ப்பதும் ஒரு கலை. 1997 மே 21, கத்திரி வெயிற்காலம். பாகிஸ்தானின் சயீத் அன்வர் சேப்பாக்கத்தில் தசைப்பிடிப்பையும் பொருட்படுத்தாது 194 ஓட்டங்கள் குவித்தார்; ஒருநாள் பந்தயங்களில் அந்நாளைய உலகச் சாதனை அது. சென்னை மக்கள் அவரைக் கைதட்டி வாழ்த்தினர். 1999 சனவரியில் டெஸ்ட் பந்தயத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா பன்னிரண்டே ஓட்டங்களில் தோற்றது. அரங்கம் சில கணங்கள் உறைந்து நின்றது. பிறகு மக்கள் எழுந்து நின்று வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினர். அவ்வணியினர் மைதானத்தைச் சுற்றி வந்து அவ்வாழ்த்தை ஏற்றனர். தோற்ற நாளில் எழுந்து நின்ற அந்தக் கூட்டத்தை நான் நம் நகரத்தின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணுகிறேன்.

இன்று அரங்கத்து நுழைவுச்சீட்டு ஏழைப் பிள்ளைகளின் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் ஆட்டம் பார்க்கும் இன்பத்தை நாங்கள் இழந்துவிடவில்லை. தியாகராய நகர்ச் சோமசுந்தரம் மைதானத்திற்குச் சென்றால், விடுமுறை நாளில் ஒரே திடலில் பல பந்தயங்கள் ஒன்றோடொன்று பின்னி நடைபெறும். ஓர் ஆட்டத்தின் பந்து மற்றோர் ஆட்டத்திற்குள் உருண்டு ஓடும். எடுத்தெறிந்துவிட்டுத் தம் ஆட்டத்தைத் தொடர்வார்கள். சண்டை இல்லை. நெருக்கடியிலும் இணங்கி வாழ்வதே நகரப் பண்பு என்பதை அதைவிட நன்றாக எவரும் கற்பிக்க இயலாது. ஆயினும் ஒன்று சொல்வேன். விலையில்லாத சில இருக்கைகளைச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கென்று ஒதுக்கினால், அரங்கத்தை நடத்துவோருக்கு இழப்பு சிறிது. பிள்ளைகளுக்கு ஆக்கம் பெரிது. மரநிழலில் அமர்த்தும் வழக்கம் பிறப்பால் ஒழிந்தது போலப் பொருளாலும் ஒழிய வேண்டாமா?

பெற்றோர்களே, ஆசிரியர்களே! இவ்விடுமுறையில் ஒரே ஒரு நாளைப் பிள்ளைகளுக்காக ஒதுக்குங்கள். கட்டுச்சோறு, நீர், தலைக்கு ஒரு துணி, இவை போதும். நண்பகலில் நிழலில் தங்குங்கள். காண்பனவற்றைக் குறையுங்கள்; நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், உடனே விடை கூறிவிட வேண்டாம். நகரத்து நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகளை ஒருநாள் எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். வயல்நடுவே நிற்கும் அந்த இரண்டு தூண்களைக் காட்டி, அவற்றில் யார் பெயர் இல்லை என்று எங்கள் மாணவர்களே உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள்.