இரண்டு சூரியோதயம் கண்ட பயணம்



எங்கள் பாடசாலையில் பழைய பூகோள உருண்டை ஒன்று உண்டு. அண்மையில் ஒரு மாணவன் அதன்மீது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து இலண்டன் வரை நூலொன்றை இழுத்துப் பிடித்தான். நூல் நம் இலங்கைத் தீவின் மேலாகவே சென்றது! சுவரிலே தொங்கும் தட்டைப் படத்தில் அதே இரு நகரங்களையும் கோடிட்டு இணைத்தால், அக்கோடு நமக்குத் தென்மேற்கே வெகுதூரத்தில், கடலிலே செல்கின்றது. உருண்டையைத் தட்டையாக விரித்த படம் தூரத்தைப் பற்றிப் பொய் சொல்லும் என்பதை நான் ஒரு தவணை முழுதும் விளக்கியும் பயனில்லை. ஒரு முழ நூல் விளக்கிவிட்டது.

அந்த நூலின் நீளம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 2018 மார்ச்சு மாதத்தில் குவாண்டாஸ் நிறுவனம் இத்தூரத்தை இடையில் எங்குந் தரியாது கடக்கும் சேவையைத் தொடங்கியது. பயண நேரம் 17 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். திரும்பி வருகையில் அதைவிடச் சிறிது குறைவு. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று விமானத்தைப் பின்னின்று தள்ளுவதே காரணம். ஆதலால் தூரம் ஒன்றாயினும் நேரம் ஒன்றாவதில்லை.

இதே நூற்பாதையின் ஒரு பகுதியில் முன்னொரு காலம் நிகழ்ந்த பயணத்தை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி துண்டிக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு தொடங்கி, கற்றலீனா என்னும் கடல் விமானங்கள் பேர்த்துக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே பறந்தன. தூரம் 5,600 கிலோமீட்டரளவே. ஆனால் நேரமோ 27 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலத்துக்கும் மேல்! பெற்றோலின் பாரம் அத்துணை பெரிதாகையால், ஏற்றக்கூடியவர் மூன்றே பிரயாணிகள். அவர்களோடு சில தபாற் பைகள்.

எதிரியின் செவிக்கு எட்டாதிருக்க, வானொலியில் வாய் திறவாமலே விமானிகள் சென்றனர். திசைகாட்டியும் நட்சத்திரங்களுமே வழிகாட்டிகள். விமானங்களுக்கும் நட்சத்திரப் பெயர்களையே இட்டிருந்தனர் என்பது எத்துணை பொருத்தம்! வழியிலே இயந்திரம் பழுதுபட்டால் இறங்குவதற்குத் திறந்த சமுத்திரமன்றி வேறிடமில்லை. நீரை விட்டெழுந்தபின் ஒரு சூரியோதயம், இறங்குமுன் மறுநாள் இன்னொரு சூரியோதயம். இரண்டையும் வானத்திலிருந்தே கண்ட பிரயாணிக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசிய அணி’யின் அங்கத்தவர் என்று சான்றிதழ் வழங்கினார்கள். அந்த அச்சத்தின் நடுவேயும் இத்தகைய நகைச்சுவை அவர்களிடம் எஞ்சியிருந்தது.

1945 வரை 271 தடவை சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமேனும் அப்பாதையில் இழக்கப்படவில்லை. போர் ஓய்ந்தபின், கடன் ஒப்பந்தத்தின்படி பெற்ற அவ்விமானங்களை அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் ஆழ்கடலிலே அமிழ்த்திவிட்டனர். கொக்கலை வாவி மட்டும் அங்கேயே இருக்கின்றது. காலி வீதியால் மாத்தறைக்குச் செல்வோர் அதன் அருகாகவே செல்கின்றனர்.