மறைவிடத்துக் கரும்புற்று
(தாம்பரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெலனோமா என்னும் கரும்புற்று தோலின் மச்சத்தினின்றே வருமெனப் பலர் கருதுகின்றனர். அதற்குப் பிறப்பிடமாகிய நிறமிச் செல்கள் கண்ணின் நடுப்படலத்திலும், மூக்கு, வாய், மலக்குடல், பெண்களின் மறைவிடம் ஆகியவற்றின் உட்சவ்விலும் உண்டு. ஆதலின், வெயில் படாத அவ்விடங்களிலும் அந்நோய் அரிதாகத் தோன்றும்.

அரிதாதலின் எவரும் அதனை ஐயுறார். மலவாயிற் கசியும் இரத்தத்தை மூலமென்றும், ஒருபக்க மூக்கடைப்பைச் சளியென்றும் எண்ணி நாட்கழிப்பர். சில கட்டிகள் கருமையின்றி இருத்தலின் நிறங்கண்டு தெளிதலும் அரிது. சவ்விடங்களிற் சிறு சதைத்துணுக்கெடுத்து, எஸ்-100, எச்.எம்.பி-45 முதலிய சாயச் சோதனைகளுடன் நுண்ணோக்கியில் ஆராய்ந்தே முடிவு கூறுவர். கண்ணிலோ, பாவையை மருந்தால் விரித்து நோக்கியும் ஒலியலைப் படமெடுத்துமே பெரும்பாலும் துணிவர்.

தம் தங்கையாரைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் எழுந்தது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்தார்க்கு அது எட்டாத இடமன்று. ஆயினும், நம் பெண்டிர் மறைவிட நோயை அன்னையிடத்தும் உரையார். ஆடவர் மருந்துக்கடையோடு நின்றுவிடுவர்.

யாம் வேண்டுவது இதுவே: பார்வை மங்கின் உடனே கண் மருத்துவரை நாடுக. இரத்தக்கசிவோ, ஒருபக்க மூக்கடைப்போ, வாயிற் கரும்படையோ இரண்டு மூன்று வாரத்தில் தீராவிடின் மருத்துவரிடம் காட்டுக. "துணுக்குச் சோதனை வேண்டுமோ?" என நாணாது வினவுக. பெரும்பாலும் எளிய நோயென்றே முடியும். அவ்வாறு அறிந்து வீடு திரும்புதலும் பெரும் பேறன்றோ?