கலர் போனாலும் கணக்கு நிற்க வேண்டும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பொருளாளர் மாறும்போதெல்லாம் கணக்கு ஷீட்டை ஒரு தடவை பார்த்துத் தரச் சொல்வார்கள். இந்தத் தடவையும் பார்த்தேன். அதிலிருந்து ஒரே ஒரு விஷயம் பேசுகிறேன். எக்செல்லில் 'கிளியர் ஃபார்மட்ஸ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை அழுத்தினால் என்ன போகும், என்ன நிற்கும் என்பதுதான் அது.

இது பொருளாளர் சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஆபீஸ் ரூமுக்கு வந்து நோட்டைப் புரட்ட அவர்களுக்கு நேரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் வரும் ஷீட்தான் அவர்களுக்குச் சங்கக் கணக்கு.

நம் ஷீட்டில் 3 பொருளாளர்கள் காலத்து நிறங்கள் இருந்தன. ஒருவருக்கு மஞ்சள் என்றால் பணம் வந்துவிட்டது. அடுத்தவருக்கு மஞ்சள் என்றால் செக் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பாஸ் ஆகவில்லை. சிவப்பு என்றால் பாக்கி. ஒரு வீட்டுக்காரர் பாக்கி முழுவதையும் ஆன்லைனில் கட்டி ரசீதும் வாங்கிவிட்டார். தொகை ஷீட்டில் ஏறியது. சிவப்பு மட்டும் மாறவில்லை. 4 மாதம் அந்தச் சிவப்பு எல்லோர் போனிலும் சுற்றியது. லிஃப்டில் அவர் வீட்டம்மாவைப் பார்த்து ஒருவர், "மெயின்டெனன்ஸ் இன்னும் கட்டலையாமே?" என்று கேட்டிருக்கிறார். கூட்டலில் ஒரு பைசா பிழையில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் பெயர் கெட்டுப்போனது.

கையால் எழுதிய லெட்ஜர் காலத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால், பழையதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதியதை எழுதி, அதிகாரி இனிஷியல் போடுவார். யார் மாற்றியது என்று கேட்டால் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். செல்லுக்கு அடித்த வண்ணத்தில் தேதியும் இல்லை, இனிஷியலும் இல்லை. வண்ணத்தைப் பார்த்து எக்செல்லின் சாதாரண 'சம்' கூட்டவும் செய்யாது.

ஒவ்வொரு செல்லிலும் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் எண்ணோ எழுத்தோ ஃபார்முலாவோ. மற்றொன்று, அதற்குப் போட்ட உடுப்பு. நிறம், கோடு, தடித்த எழுத்து, நடுவில் நிறுத்துவது, தேதி போலக் காட்டுவது, பைசாவை மறைப்பது எல்லாம் உடுப்புதான். 'ஹோம்' பட்டையின் வலது கோடியில் ரப்பர் படம் போட்ட 'கிளியர்' இருக்கும். அதில் 'கிளியர் ஃபார்மட்ஸ்' கொடுத்தால் உடுப்பு மட்டும் போகும். கீபோர்டில் ஆல்ட், ஹெச், இ, எஃப் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாலும் அதேதான். அதற்கு மேலேயே 'கிளியர் ஆல்' இருக்கிறது, ஜாக்கிரதை. அது உள்ளே இருப்பதையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

உடுப்பு போனதும் தெரிபவை சில.

முதலாவது, எண் வேஷம் போட்ட எழுத்து. வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டிய தொகை சில சமயம் எழுத்தாக உட்கார்ந்திருக்கும். 'சம்' அதைச் சேர்க்காது. எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தால் கண்ணுக்குப் படாது. ஃபார்மட்டை நீக்கியதும் எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒதுங்கும். இடப்பக்கம் ஒதுங்கிய தொகைதான் கூட்டலில் விட்டுப்போனது. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, 'டேட்டா' பட்டையில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போய் 'ஃபினிஷ்' கொடுத்தால் பெரும்பாலும் எண்ணாக மாறிவிடும்.

இரண்டாவது, ஒளிந்திருக்கும் பைசா. 7,000 ரூபாய் பில்லை 3 வீட்டுக்குப் பிரித்தால் தலா 2,333.33. பைசாவை மறைத்தால் 2,333 என்று மூன்று தடவை தெரியும், கீழே கூட்டல் 7,000 என்று நிற்கும். கையால் கூட்டிப் பார்ப்பவருக்கு 6,999 வரும். ஒரு ரூபாய் எங்கே என்று அவர் கேட்பது நியாயம். எவ்வளவு வசூலிக்கிறோமோ அதையே 'ரவுண்ட்' ஃபார்முலா போட்டுச் செல்லுக்குள் வைக்க வேண்டும். மறைப்பது முழுமையாக்குவது ஆகாது.

மூன்றாவது, தேதி. எக்செல்லுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணும் ஓர் எண். 2025 ஏப்ரல் 1-க்கு ஃபார்மட்டை எடுத்தால் 45748 என்று நிற்கும். பயப்பட வேண்டாம், மறுபடி தேதி ஃபார்மட் கொடுத்தால் திரும்பிவிடும். வீட்டு எண் அப்படியல்ல. 3-4 என்று தட்டினால் எக்செல் அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொண்டு, நடப்பு ஆண்டையும் சேர்த்துக்கொள்ளும். பிறகு ஃபார்மட்டை நீக்கினால் ஐந்திலக்க எண்தான் வரும், 3-4 வராது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைக்கு 'டெக்ஸ்ட்' என்று கொடுத்துவிட வேண்டும்.

இது நம் தலைவலி மட்டுமல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழுவே இதற்கு இறங்கி வந்தது. 'மார்ச் 1', 'செப்ட் 1' என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் வந்த புதிய விதிமுறையில் அவற்றை 'மார்ச்எஃப் 1', 'செப்டின் 1' என்ற மாற்றப்பட்ட பெயர்களோடு அறிவித்தார்கள்.

'கிளியர் ஃபார்மட்ஸ்' செய்யாத ஒன்றும் உண்டு. வெள்ளை எழுத்தில் ஒளித்தது வெளியே வரும். 'ஹைட்' செய்த வரிசை வராது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அதன் தொழிலில் ஒரு பகுதியை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. ஏற்கும் ஒப்பந்தங்களின் பட்டியல் எக்செல்லில் இருந்தது. வேண்டாத 179 ஒப்பந்தங்களை நீக்காமல் மறைத்து வைத்திருந்தார்கள். வழக்கறிஞர் அலுவலகத்தில் அந்த ஷீட்டைச் சீர்படுத்தி பிடிஎஃப் ஆக்கியபோது, மறைந்திருந்தவையும் வாங்கும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. பிறகு நீதிமன்றத்துக்கு மனு போட்டு விளக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி என்றால், கையிருப்பைக் கைமாற்றும் நாம் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

ஆகவே பொருளாளருக்கு என் யோசனை இது. முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து, பழையதைத் தொடாமல் வையுங்கள். காப்பியில் 'நிலை', 'தேதி', 'ரசீது எண்' என்று 3 நெடுவரிசை சேர்த்து, ஒவ்வொரு நிறமும் சொல்வதை ரசீதோடு ஒத்துப் பார்த்து வார்த்தையில் எழுதுங்கள். மறைந்த வரிசைகளை எல்லாம் 'அன்ஹைட்' செய்யுங்கள். அதற்குப் பிறகு ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை நீக்குங்கள். இடம் மாறி ஒதுங்கிய தொகைகளைச் சரிசெய்து, மொத்தத்தைப் பாஸ்புக்கோடும் கையிருப்போடும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்த பிறகு தலைப்புக்குத் தடித்த எழுத்தும் தேதிக்குத் தேதி ஃபார்மட்டும் கொடுத்தால் போதும். வண்ணம் வேண்டுமானால் 'நிலை' நெடுவரிசையைப் பார்த்துத் தானாக வரும்படி 'கண்டிஷனல் ஃபார்மட்டிங்' போடலாம். 'கட்டியாயிற்று' என்று எழுதிய நிமிடமே சிவப்பு போய்விடும்.

குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. ஷீட்டில் உங்கள் வீட்டு வரிசையை மாதம் ஒரு தடவை ரசீதோடு வைத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பொருளாளரையோ என்னையோ கேளுங்கள். பக்கத்து வீட்டு வரிசையைப் பற்றிய கேள்வியை மட்டும் லிஃப்டில் கேட்க வேண்டாம்.

இந்தக் காலாண்டு ஷீட்டை இந்த முறையில் சுத்தம் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பொருளாளர் சொல்லும் நாளில் ரசீது புத்தகங்களோடு வந்து உட்கார நான் தயார். கணினி தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர் கூட வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்.